தாண்டிக் குதித்த தேசம்

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் மாதாமாதம் ஒரு சந்தாதாரர் கணக்கு வெளியிடுகிறது. மறுநாள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் அது ஐபிஎல் புள்ளிப் பட்டியல் மாதிரி வரும். இந்த நிறுவனம் இத்தனை லட்சம் பேரைச் சேர்த்தது, அந்த நிறுவனம் இத்தனை லட்சம் பேரை இழந்தது. கடைசியில் மொத்தக் கூட்டுத்தொகை: நாட்டில் 115 கோடி அளவில் மொபைல் இணைப்புகள், 90 கோடிக்கும் மேல் பிராட்பேண்ட் இணைப்புகள். படித்துவிட்டு நமக்கும் கொஞ்சம் பெருமிதம். எங்கேயோ இருந்தோம், எங்கேயோ வந்துட்டோம்.

வந்துவிட்டோம்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என் சண்டை அந்த வளர்ச்சியோடு அல்ல, அதை எண்ணும் முறையோடு. இந்த நாடு இருபத்தைந்து ஆண்டுகளாக சிம் கார்டுகளை எண்ணிக்கொண்டே மனிதர்களை எண்ணுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. எதை எண்ணுகிறோமோ அதுதான் வளரும். சிம் வளர்ந்தது. வீட்டுக்கு வரவேண்டிய கம்பி வரவில்லை. அது வராததற்கு 'தாண்டிக் குதித்துவிட்டோம்' என்று ஒரு பெயரும் வைத்துவிட்டோம். லேண்ட்லைன் என்ற கட்டத்தையே மிதிக்காமல் நேரே மொபைலுக்குப் போன தேசமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. குதித்தபோது எதற்கு மேலே குதித்தோம், கீழே யார் நின்றுகொண்டிருந்தார்கள் என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

*

முதலில் அந்த எண். தொலைபேசி அடர்த்தி என்பது நூறு பேருக்கு எத்தனை இணைப்பு என்ற கணக்கு. இந்திய நகரங்களில் இது 130-ஐத் தாண்டிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதாவது நூறு நகரவாசிகளுக்கு 130 இணைப்பு. கிராமங்களில் 60-ஐ ஒட்டி நிற்கிறது. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் 85 வரும். அந்த 85-தான் தலைப்புச் செய்தி. என் பையில் இருக்கும் இரண்டாவது சிம், போனே இல்லாத ஒருவரின் கணக்கில் சத்தமில்லாமல் சேர்ந்துவிடுகிறது. இதில் ஏறத்தாழ பத்தில் ஒரு சிம் உயிரோடே இல்லை என்பதையும் ட்ராய் அறிக்கையே சொல்கிறது. ஆனால் அதை உள்பக்கத்தில் சொல்கிறது.

மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த வியாதி நன்றாகத் தெரியும். செயலியை எத்தனை பேர் டவுன்லோடு செய்தார்கள் என்பதை டாஷ்போர்டில் பெரிய எழுத்தில் போடுவார்கள். எத்தனை பேர் அடுத்த வாரமும் திறந்தார்கள் என்று கேட்டால் மீட்டிங் அமைதியாகிவிடும். டவுன்லோடு எண்ணுக்கு ஒரு வசதி உண்டு, அது ஏறிக்கொண்டே இருக்கும். நிறுவனத்தில் அந்த எண்ணை நம்பி ஏமாறுபவர் முதலீட்டாளர், போனால் போகட்டும். தேசத்தின் டாஷ்போர்டை நம்பி ஏமாறுவது யார்?

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றை (2019-21) எடுத்துப் பாருங்கள். தாமே பயன்படுத்தும் ஒரு மொபைல் போன் வைத்திருக்கும் பெண்கள் 54 சதவீதம். வாழ்நாளில் ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் 33 சதவீதம், ஆண்கள் 57 சதவீதம். கேள்வியைக் கவனியுங்கள். தினமும் அல்ல, போன வாரம் அல்ல, 'எப்போதாவது'. அந்தக் கேள்விக்கே மூன்றில் இரண்டு பெண்களின் பதில் 'இல்லை'. ஜியோ வந்து மூன்று ஆண்டுகள் கழித்து, உலகத்திலேயே மலிவான டேட்டா நம்முடையது என்று மேடைக்கு மேடை பேசிக்கொண்டிருந்த காலத்தில் எடுத்த கணக்கு இது. ஊரில் டவர் இருந்தது, வீட்டில் போனும் இருந்தது. அந்தப் போன் யார் கையில் இருந்தது என்பதை அடர்த்தி சொல்லாது.

*

எதிர்த்தரப்புக்கு நியாயம் செய்துவிட வேண்டும், ஏனென்றால் அவர்கள் கையில் நல்ல வாதம் இருக்கிறது.

1994-ன் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை, 1997-க்குள் கேட்டவருக்கெல்லாம் தொலைபேசி, எல்லாக் கிராமத்துக்கும் தொலைபேசி என்று வாக்குக் கொடுத்தது. நடக்கவில்லை. விண்ணப்பம் போட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் எல்லாத் தெருவிலும் இருந்தன. 1995 ஜூலை 31-ல் கல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு டெல்லியில் இருந்த சுக்ராமை மொபைலில் அழைத்தார். அப்போது நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை கட்டணம், வருகிற அழைப்புக்கும் காசு. 1999-ல் புதிய கொள்கை வந்தது. நிலையான உரிமக் கட்டணம் போய், வருமானத்தில் பங்கு என்றானது. 2003-ல் வருகிற அழைப்பு இலவசமானது. அதற்குப் பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். எந்தத் துறையிலும் இவ்வளவு குறைந்த காலத்தில் இவ்வளவு ஏழைகளிடம் ஒரு கருவி போய்ச் சேர்ந்ததில்லை.

பலனும் உண்மையானது. வட கேரளக் கடற்கரையில் 1997 முதல் 2001 வரை மொபைல் வந்தபின் மத்தி மீன் சந்தை எப்படி மாறியது என்று ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் ஆய்வு செய்து 2007-ல் வெளியிட்டார். படகில் இருந்தபடியே எந்தக் கரையில் என்ன விலை என்று கேட்டு, அந்தப் பக்கம் திருப்பினார்கள். வாங்க ஆளில்லாமல் மீனைக் கொட்டுவது நின்றது. மீனவர் லாபம் 8 சதவீதம் கூடியது, வாங்குபவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. இதை யாராலும் மறுக்க முடியாது. அங்கே வேலை செய்தது ஒரு குரல் அழைப்பு என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு வருவோம்.

இன்னொரு ஆதாரம் உண்டு, கொள்கைக் கூட்டங்களின் பவர்பாயிண்டில் எல்லாம் வருவது. பிராட்பேண்ட் பரவல் 10 சதவீதப் புள்ளி கூடினால் வளரும் நாடுகளின் பொருளாதார வளர்ச்சி 1.38 சதவீதப் புள்ளி கூடும் என்ற உலக வங்கிக் கணக்கு. இந்த 1.38-ஐ வைத்துத்தான் சிம் விற்பனையைத் தேசத் தொண்டாகக் காட்டுகிறார்கள். அந்தக் கணக்கு 2009-ல் வெளிவந்தது. பயன்படுத்திய தரவு 1980 முதல் 2006 வரையிலானது. 2006-ல் பிராட்பேண்ட் என்றால் பெரும்பாலும் என்ன? வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ வரும் கம்பி. அதே ஆய்வு மொபைலுக்குத் தனியாக ஒரு எண் கொடுத்தது, 0.81. கம்பியின் மதிப்பெண்ணை எடுத்து சிம்மின் அட்டையில் ஒட்டுவதற்குப் பெயர் ஆதாரம் இல்லை.

*

கம்பிக்கு என்ன ஆனது? 2006 வாக்கில் இந்தியாவில் ஏறத்தாழ 5 கோடி லேண்ட்லைன் இருந்தது. 2020-ல் 2 கோடியை ஒட்டி வந்து நின்றது. பதினான்கு ஆண்டுகளில் ஒரு தேசம் தன் வீட்டுக் கம்பிகளில் பாதிக்கு மேல் பிடுங்கிப் போட்டிருக்கிறது. ஃபைபர் வந்தபின்தான் எண்ணிக்கை மறுபடி ஏறி 3 கோடியைத் தாண்டியது.

இதை இயற்கை மரணம் என்பார்கள். கிடையாது. 2004-ல் ட்ராய் ஒரு பரிந்துரை செய்தது: அரசு நிறுவனத்தின் தாமிரக் கம்பியை மற்ற நிறுவனங்களும் வாடகைக்கு எடுத்து பிராட்பேண்ட் கொடுக்கட்டும் என்று. அந்த ஆண்டு வந்த பிராட்பேண்ட் கொள்கை அதைக் கட்டாயமாக்கவில்லை. நான்கு கோடிக்கும் மேற்பட்ட வீட்டு வாசலில் கம்பி ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்த நேரம் அது. அந்தக் கொள்கை 2010-க்குள் 2 கோடி பிராட்பேண்ட் என்று இலக்கு வைத்தது. 2010 முடிவில் இருந்தது சுமார் 1.1 கோடி. தனியார் தரப்பும் யோக்கியம் இல்லை. தொண்ணூறுகளில் உரிமம் வாங்கியபோது ஒப்புக்கொண்ட கிராமப் பொதுத் தொலைபேசிகளில் பெரும்பகுதியை அவர்கள் வைக்கவே இல்லை. அபராதம் கட்டுவது கம்பி இழுப்பதைவிட மலிவாக இருந்தது. ஆக, நாம் கம்பியைத் தாண்டிக் குதிக்கவில்லை. ஒரு பக்கம் அரசு கம்பியைப் பூட்டி வைத்தது, இன்னொரு பக்கம் தனியார் கம்பியே வேண்டாம் என்றது. நடுவில் இருந்த நாம் மொபைலில் போய் விழுந்தோம்.

"சரிப்பா, கம்பியா காற்றா, எதில் வந்தால் என்ன? வருதுல்ல?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, பொறியியலில் பதில் இருக்கிறது. டவர் கொடுக்கும் அலைவரிசை அந்த வட்டாரத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் பொது. ராத்திரி எட்டு மணிக்கு ஊரே போனைத் திறந்தால் ஆளுக்குக் கிடைப்பது சுருங்கும். அந்த டவருக்குப் பின்னால் ஃபைபர் இருந்தால் கொஞ்சம் சமாளிக்கும். 2022 வாக்கில் நாட்டின் டவர்களில் ஃபைபர் போய்ச் சேர்ந்திருந்தது மூன்றில் ஒன்றை ஒட்டித்தான். வீட்டுக்கு வரும் ஃபைபர் கதை வேறு. ஒருமுறை இழுத்துவிட்டால் இரு முனையிலும் பெட்டியை மாற்றியே பல பத்தாண்டுகளுக்கு வேகத்தைக் கூட்டிக்கொண்டு போகலாம்.

ஆனால் முக்கியமான வித்தியாசம் வேகத்தில் இல்லை, உடைமையில் இருக்கிறது. கம்பி வீட்டுக்குச் சொந்தம், சிம் ஆளுக்குச் சொந்தம். ஆள் என்றால் காசு கட்டுகிற ஆள். நாட்டின் பெரும்பாலான வீடுகளில் இணையம் இருக்கும் ஒரே இடம் ஒரு ஸ்மார்ட்போன். அப்பா காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அந்த வீட்டின் இணையமும் அவர் சட்டைப் பையில் ஏறிப் போய்விடுகிறது. சாயங்காலம் அவர் திரும்பி வந்தபின், தினசரி ஒன்றரை ஜிபியில் அவர் பார்த்தது போக மிச்சத்தை மகன் கேட்பான், மகள் கேட்கத் தயங்குவாள். குடும்பநல ஆய்வின் அந்த 33 சதவீதம் இங்கேதான் பிறக்கிறது.

*

இதெல்லாம் ஊகம் என்பவர்களுக்கு 2020 ஒரு சோதனையாக வந்தது. பள்ளிகள் மூடின, பாடம் ஆன்லைனுக்குப் போனது. கையில் இருந்த அதிகாரபூர்வக் கணக்கு தேசிய மாதிரி ஆய்வின் 75-ஆம் சுற்று (2017-18). கிராம வீடுகளில் இணைய வசதி உள்ளவை சுமார் 15 சதவீதம், கணினி உள்ளவை சுமார் 4 சதவீதம். அதே காலத்து ட்ராய் கணக்கில் 110 கோடிக்கு மேல் மொபைல் இணைப்புகள்.

தமிழ்நாடு அரசு என்ன செய்தது? அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கல்வித் தொலைக்காட்சியில் பாடம் நடத்தியது. பிறகு 2021-ல் 'இல்லம் தேடிக் கல்வி' என்று தன்னார்வலர்களை அனுப்பியது. இதைக் கேலி செய்யவில்லை, அது சரியான முடிவு. இந்தியாவிலேயே தொலைபேசி அடர்த்தியில் முன்வரிசையில் நிற்கும் மாநிலம், பள்ளிக்கூடக் குழந்தையிடம் பேச வேண்டிய நாளில் அந்த அடர்த்தியை நம்பவில்லை. கேபிள் டிவியை நம்பியது, கால்நடையாகப் போகும் மனிதர்களை நம்பியது. வளர்ச்சிப் புள்ளிவிவரத்துக்கு இதைவிடக் கடுமையான விமர்சனத்தை எந்தக் கட்டுரையாளரும் எழுத முடியாது.

"அது பழைய கதை, 2025-ல் நடத்திய ஆய்வில் 86 சதவீத வீடுகளில் இணையம் இருக்கிறதே" என்று இப்போது சொல்கிறார்கள். ஆமாம், இருக்கிறது. ஆனால் சுமார் 30 கோடி வீடுகள் உள்ள நாட்டில் கம்பிவழி பிராட்பேண்ட் இணைப்புகள் நான்கு கோடி சொச்சம், அதிலும் அலுவலகமும் கடையும் சேர்த்தி. அந்த 86-க்குள் பெரும்பகுதி என்னவாக இருக்கும்? அப்பாவின் சட்டைப் பைதான். கேள்வித்தாளில் அது இப்போது வீடு ஆகிவிட்டது, அவ்வளவே.

பிராட்பேண்ட் என்ற சொல்லையே இப்படித்தான் நீட்டி வைத்திருக்கிறார்கள். 2004-ல் நொடிக்கு 256 கிலோபிட் வந்தால் பிராட்பேண்ட். பிறகு 512 ஆனது. 2023-ல்தான் 2 மெகாபிட் ஆக்கினார்கள். அமெரிக்க ஆணையம் 2024-ல் வைத்த அளவு 100 மெகாபிட். பணக்கார நாட்டோடு ஒப்பிடாதே என்றால், நம் கொள்கையோடே ஒப்பிடுவோம். 2018-ன் தேசிய டிஜிட்டல் தொடர்புக் கொள்கை 2022-க்குள் ஒவ்வொரு குடிமகனுக்கும் 50 மெகாபிட் என்றது, பாதி வீடுகளுக்குக் கம்பிவழி பிராட்பேண்ட் என்றது. 2022 வந்தது, போனது. கம்பி போய்ச் சேர்ந்தது பத்தில் ஒரு வீட்டுக்கு. இலக்கு தவறியதற்கு யாரும் பதவி விலகவில்லை, ஏனென்றால் டாஷ்போர்டில் பிராட்பேண்ட் கோடிக்கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது.

*

சரி, அந்த மீனவரின் குரல் அழைப்புக்கு வருவோம். குறைந்தபட்சம் அதுவாவது எல்லாருக்கும் உறுதியானதா?

2018 கடைசி வரை, ரீசார்ஜ் செய்யாவிட்டாலும் வருகிற அழைப்பு வந்துகொண்டிருந்த சிம்கள் கோடிக்கணக்கில் இருந்தன. மிஸ்டு கால் ஒரு தேசிய மொழியாக இருந்த காலம். பிறகு பெரிய நிறுவனங்கள் 28 நாளுக்கு 35 ரூபாய் கட்டாவிட்டால் இணைப்பு நிற்கும் என்றன. அந்த 35, ஒரு பெரிய நிறுவனத்தில் 99 ஆனது, 155 ஆனது, 2024 ஜூலையில் 199 ஆனது. 28 நாள் என்பதால் ஆண்டுக்குப் பதின்மூன்று 'மாதம்'. பதின்மூன்று தடவை 199 என்றால் 2,587 ரூபாய். தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை மாதம் 1,200. சென்னையிலோ திருப்பூரிலோ இருக்கும் மகன் பேசுவதைக் கேட்க மட்டும் போன் வைத்திருக்கும் பாட்டி, தன் உதவித்தொகையில் ஆறில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டுத்தான் "நல்லா இருக்கியாப்பா" என்று கேட்க முடிந்தது. அவர் பார்க்கவே போகாத டேட்டாவுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டியிருந்தது. 2024 டிசம்பரில்தான், பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் தனித் திட்டம் வையுங்கள் என்று ட்ராய் உத்தரவு போட்டது.

உலகத்திலேயே மலிவான டேட்டா என்ற வாக்கியம் இங்கே எப்படி வேலை செய்கிறது பாருங்கள். ஒரு ஜிபியின் விலை விழுந்தது, உள்ளே நுழையும் விலை ஏறியது. இரண்டும் ஒரே காலத்தில் நடந்தன. நம் மாதிரி மாதம் அறுபது ஜிபி தின்பவருக்கு இந்த நாடு மலிவு. ஒன்றுமே தின்னாதவருக்கு விலைவாசி. முதல் கணக்கு விளம்பரத்தில் வரும், இரண்டாவது கணக்கைப் பாட்டி போடுவார்.

வேறு நிறுவனத்துக்கு மாறலாமே என்றால், எங்கே மாறுவது? ஒரு காலத்தில் பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இருந்த சந்தை இது. 2018-ல் ஏர்செல் விழுந்தபோது தமிழ்நாட்டில் லட்சக்கணக்கானவர்கள் ஒரே வாரத்தில் சிக்னல் இழந்து நின்றார்கள். இன்று தனியாரில் மூன்று, அதிலும் ஒன்று மூச்சு வாங்குகிறது. அரசு நிறுவனத்திலோ 2020 ஜனவரியில் ஒரே நாளில் 78,000-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் விருப்ப ஓய்வில் போனார்கள். தெருவில் கம்பத்தில் ஏறத் தெரிந்த லைன்மேன்கள் அதில் எத்தனை பேரோ. மற்றவர்கள் ஐந்தாம் தலைமுறைக்குப் போய்க்கொண்டிருந்தபோது அந்த நிறுவனம் நான்காம் தலைமுறைக்குக் காத்திருந்தது.

*

"அரசால் முடியாது, சந்தையால்தான் முடிந்தது" என்பது கடைசி வாதம். சாட்சிக்கு பாரத்நெட்டைக் காட்டுவார்கள். 2011-ல் ஒப்புதல், இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்கு ஃபைபர் என்று தொடங்கி, பெயர் மாறி, கட்டம் மாறி, 2023-ல் மூன்றாவதாக 1.39 லட்சம் கோடி ரூபாய் ஒதுக்கி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கு இழுக்கும் வேலை. பல இடங்களில் ஃபைபர் ஊராட்சி அலுவலகம் வரை வந்து, ஒரு பெட்டியில் முடிந்து, பூட்டிய அறைக்குள் மினுக்கிக்கொண்டிருக்கிறது. இதைப் பார்த்து எனக்கும் கோபம்தான். ஆனால் இந்தத் தாமதத்திலிருந்து 'அரசுக்குத் துப்பில்லை' என்ற முடிவுக்குப் போகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். இதே அரசு இதே துறையில் ஒருமுறை செய்து காட்டியிருக்கிறது.

1984-ல் தொடங்கிய சி-டாட், தூசியிலும் வெயிலிலும் குளிர்சாதனம் இல்லாமல் ஓடும் கிராமத் தொலைபேசி நிலையத்தை இங்கேயே வடிவமைத்தது. 1986-ல் முதலாவது கர்நாடகத்தின் கித்தூரில் நிறுவப்பட்டது. அதன் தொடர்ச்சியாக வந்தவைதான் நம் தெருமுனைகளின் மஞ்சள் நிற எஸ்டிடி பூத்துகள். பூத்தின் அழகு என்னவென்றால், தொலைபேசி வைத்திருக்க வேண்டிய அவசியமே இல்லாமல் தொலைபேசி கிடைத்தது. பெயரில் இணைப்பே இல்லாத பெண் தனியாகப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, யாரிடமும் போனைக் கேட்டு வாங்காமல் அம்மாவிடம் பேச முடிந்தது. அடர்த்திக் கணக்கில் அந்தப் பூத் ஒரே ஒரு இணைப்பு. ஒரு தெருவுக்கே அது வாசல்.

இணையத்துக்கும் அப்படி ஒரு முயற்சி நம் பக்கத்திலேயே நடந்தது. சென்னை ஐஐடியின் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு உருவாக்கிய கார்டெக்ட் தொழில்நுட்பத்தைக் கொண்டு, 2001 வாக்கில் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரக் கிராமங்களில் இணைய மையங்கள் திறந்தார்கள். சான்றிதழ் விண்ணப்பம் போனது, கண்ணைப் படம் எடுத்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். சில ஆண்டுகளில் பெரும்பாலானவை மூடப்பட்டன. ஒவ்வொரு மையமும் தன் வருமானத்தில் தானே நிற்க வேண்டும் என்று எதிர்பார்த்ததும் அதற்கொரு காரணம். ஊர் நூலகத்திடம் லாபக் கணக்கு கேட்டால் அதுவும் ஒரு வருடத்தில் மூடும்.

பணம் இல்லை என்றும் சொல்ல முடியாது. தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருமானத்தில் 5 சதவீதம், கிராமப்புறச் சேவைக்கென்றே 2002 முதல் தனி நிதியாக வசூலாகிறது. நிறுவனம் கட்டுவதாகப் பெயர். வருவது நம் ரீசார்ஜிலிருந்து. அதில் பல ஆயிரம் கோடி ஆண்டுக்கணக்கில் செலவாகாமல் கிடந்தது. நிதிக்குப் பெயரை 'டிஜிட்டல் பாரத் நிதி' என்று மாற்றியாகிவிட்டது.

எனவே கோரிக்கை எளிமையானது. ட்ராய் அடுத்த மாதம் முதல் மொத்த சிம் எண்ணிக்கையை உள்பக்கத்துக்கு அனுப்பட்டும். முதல் பக்கத்தில் மூன்று எண் வரட்டும். ஒன்று, கம்பியோ ஃபைபரோ வீட்டுக்குள் வந்திருக்கும் குடும்பங்கள் எத்தனை, மாவட்டவாரியாக. இரண்டு, வீட்டில் ஒருவர் வெளியே போனபின்னும் மற்றவருக்கு இணையம் மிச்சம் இருக்கும் குடும்பங்கள் எத்தனை. மூன்று, வருகிற அழைப்பை மட்டும் ஓராண்டு உயிரோடு வைத்திருக்க ஆகும் மிகக் குறைந்த செலவு எவ்வளவு, அது ஒரு முதியோர் உதவித்தொகையில் எத்தனை சதவீதம்.

இதில் எதுவும் கனவு இல்லை. 2019-ல் ஃபஹீமா ஷிரின் வழக்கில் கேரள உயர்நீதிமன்றம், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று சொல்லிவிட்டது. ஒரு கல்லூரி மாணவி, விடுதியில் இரவு நேரத்தில் போனைப் பிடுங்கி வைக்கும் விதியை எதிர்த்துப் போட்ட வழக்கு அது. அதே கேரளம் 20 லட்சம் ஏழை வீடுகளுக்கு இலவச இணைப்பு என்று கே-ஃபானைத் தொடங்கியது. மெதுவாகத்தான் நகர்கிறது. ஆனால் அது எண்ணுவது வீடுகளை. தாமதமானாலும் எந்த வீடு பாக்கி என்று தெரியும். சிம்மை எண்ணும் நாட்டுக்கு யார் பாக்கி என்பதே தெரியாது.

அடுத்த முறை '120 கோடியைத் தொட்டது இந்தியா' என்று தலைப்பு வரும். வரத்தான் போகிறது. பகிர்வதற்கு முன் அந்தச் செய்தியில் வீடு என்ற சொல் எங்கேயாவது வருகிறதா என்று மட்டும் தேடிப் பாருங்கள்.